கை மறக்காத வேலை

டம்ளரில் இருந்த தேநீரில் ஆடை கட்டியிருந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்போதுதான் பிளாஸ்கிலிருந்து ஊற்றினார். ஆவி மூக்கில் பட்டது நினைவிருக்கிறது, மூடியைத் திருகியது நினைவிருக்கிறது. ஆனால் விரலால் தொட்டால் டம்ளர் சில்லென்று இருந்தது. ஒரு டம்ளர் தேநீர் இவ்வளவு ஆற வேண்டுமென்றால் கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். அந்தக் கால் மணி நேரம் எங்கே போனது என்று தெரியவில்லை. நாக்கின் ஓரம் எரிந்தது. வாயில் பழைய சாவியைச் சப்பின மாதிரி ஒரு ருசி.

விடுமுறை நாள், மதியம் தாண்டியிருந்தது. சோப்புத் தொழிற்சாலையின் எண்ணெய்க் கூடத்தில் ஐந்து டேங்குகளும் மூன்று ஆள் உயரத்தில் வரிசையாக நின்றன. கூரையோரக் கண்ணாடிகளில் வருடக்கணக்காகப் படிந்த பிசுக்கைத் தாண்டி வந்த வெயில், தரைக்கு வந்து சேரும்போது பழுப்பாகி, ஊறிப்போன எண்ணெயின் காறல் வாடையோடு கலந்து, தொட்டால் விரலில் ஒட்டும்போல இருந்தது. மற்ற நாட்களில் பம்புகளும் பெல்ட்டும் போடுகிற இரைச்சலில் பக்கத்து ஆளிடம் பேசக்கூடக் கத்த வேண்டும். இன்று எங்கோ ஒரு குழாயில் நீர் சொட்டுவதும், அடுத்த சொட்டு திரண்டு தொங்கி விழுவதற்கு எடுத்துக்கொள்கிற நேரமும்கூடக் கேட்டது. அந்த அமைதிதான் அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது டேங்குக்குள் ஆள் இருக்கிறது. அந்த ஆள் சும்மா இருக்கிறவன் இல்லை.

டேங்கின் பக்கவாட்டில் இடுப்பு உயரத்தில் ஒரு வட்டத் துவாரம், ஒரு ஆள் குனிந்து நுழைகிற அளவு; அதன் இரும்பு மூடி திறந்து கிடந்தது. அதற்குள் தலையை நீட்டினார்.

"மாப்ள."

இருட்டு அவர் குரலை வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை.

"டேய், மாப்ள."

"அப்பாடா, கரண்ட் வந்துடுச்சு," என்றது உள்ளேயிருந்து குரல். நெற்றி விளக்கின் வெளிச்சம் ஒருமுறை ஆடியது. "தண்ணி பாட்டில் குடுங்கன்னு மூணு தடவை கேட்டுட்டேன் மாமா. ஆளு நிக்கிறீங்க, கண்ணு தொறந்திருக்கு, ஒரு பதில் இல்ல. அக்காகிட்ட இருந்து கத்துக்கிட்டீங்க போலன்னு விட்டுட்டேன்."

அவர் சிரித்தார்.

உள்ளே இருந்தவன் அவர் மனைவியின் தம்பி. தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவன் ரேடியோ. வேலைக்கு வந்தால் வாய் திறந்தால்தான் கை ஓடும் அவனுக்கு. சினிமா, அரசியல், பக்கத்து வீட்டு நாய், எதையாவது பேசிக்கொண்டே இருப்பான். அக்கா கேட்டுக்கொண்டதற்காகத்தான் பேக்கிங் பிரிவில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு இந்த எண்ணெய்ச் சேற்றுக்கு வந்தான். மாமாவுக்கு வலிப்பு வருகிறது என்பது தொழிற்சாலையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ரேடியோ துவாரத்துக்குப் பக்கத்தில் வந்து தண்ணீரை வாங்கிக்கொண்டான். முகமெல்லாம் கறுப்பு. குரலைத் தாழ்த்தினான்.

"வந்துச்சா?"

"என்னது?"

"மாமா."

"கொஞ்சமா."

"காலைல மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

சொன்ன பிறகுதான் யோசித்தார். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் குடித்தது கண்ணுக்குத் தெரிகிறது. அது இன்றைக்கா, நேற்றைக்கா, போன வாரமா என்று தெரியவில்லை. எல்லாக் காலையும் ஒரே காலையாக இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இப்படி இல்லை. அப்போதுதான் யூனியன் ஆபீசில் சாயங்கால வகுப்புக்குப் போய், நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். பஸ் போர்டைப் படித்துவிட்டு ஏறிய முதல் நாள் வீட்டுக்கு வந்து மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார். பிறகு வலிப்பு வர ஆரம்பித்தது. விழுந்து துடிக்கிற மாதிரி எப்போதாவதுதான். பெரும்பாலும் நின்ற இடத்திலேயே சில நிமிடம் ஆள் இல்லாமல் போய்விடுவார். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் நினைவையும் கூடவே எடுத்துக்கொண்டு போயிற்று. கடைசியாகப் படித்த பாடம் முதலில் போனது. பிறகு அதற்கு முந்தியது. இப்போது செய்தித்தாளில் மூன்றாவது வரிக்கு வரும்போது முதல் வரி கையில் இல்லை.

டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். "வலிப்பு வர்ற நேரத்துல மூளை எதையும் பதிஞ்சு வைக்காது. அதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி பதிஞ்சதும் சில சமயம் சேர்ந்து போயிடும். புதுசா கத்துக்கிறது தங்கறது கஷ்டம். ஆனா வருஷக்கணக்கா செஞ்ச வேலை இருக்கே, அது வேற இடத்துல இருக்கு. கை அதை மறக்காது."

அன்றைக்கு அவருக்கு அது ஆறுதலாக இருந்தது. வேலை போகாது, அது போதும் என்று நினைத்தார்.

"சரி, பாடம்," என்றான் ரேடியோ, பாட்டிலை நீட்டிக்கொண்டே. "கொக்கில டோக்கன் தொங்கினா?"

மூடிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கொக்கி. அதில் பித்தளை டோக்கன் ஒன்று தொங்கியது. இரண்டு மாதம் முன்பு சூப்பர்வைசர் கொண்டுவந்த ஏற்பாடு: இனிமேல் டேங்குக்கு இரண்டு பேர், ஒருவர் உள்ளே சுரண்ட, ஒருவர் வெளியே காவல், உள்ளே போகிறவன் தன் டோக்கனை மாட்ட வேண்டும், வெளியே வந்தால் எடுக்க வேண்டும்.

"உள்ள ஆளு இருக்கு," என்றார்.

"ஆளு இருந்தா?"

"மூடக் கூடாது."

"பாஸ். ரெண்டாங் கிளாஸுக்குப் போகலாம்."

தினமும் காலையில் ரேடியோ இதைக் கேட்பான். தினமும் அவருக்குப் புதிதாகத்தான் கேட்கும். அதற்கு முன்னால் இருபத்தாறு வருடம் அவர் ஒற்றை ஆளாகவே எல்லா டேங்கையும் சுத்தம் செய்தவர். உள்ளே போவதும் அவர்தான், வெளியே வந்து மூடுவதும் அவர்தான். தான் வெளியே நின்றால் டேங்க் காலி. மூடியைச் சாத்தி எட்டு போல்ட், முகப்பைத் துணியால் ஒரு துடை, மேல் தொட்டியில் காய்ச்சி நிறுத்திய வெந்நீருக்கு வால்வை ஒன்பது சுற்று. அவ்வளவுதான் வேலை. தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் செய்வார்.

ரேடியோ டேங்குக்குள் இருந்த நீராவிக் குழாய்ச் சுருளுக்குப் பின்பக்கம் போனான். சுரண்டி இரும்பில் உரசுகிற சத்தம் எழுந்தது. அதற்கு நடுவில் அவன் பேச்சு துண்டு துண்டாக வந்தது. அவர் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். பேச்சு கேட்கிறவரை பயமில்லை.

பிறகு அந்த வாடை வந்தது.

ரப்பர் எரிகிற வாடை. கூடத்தில் எதுவும் எரியவில்லை. அடிவயிற்றில் ஏதோ ஒன்று கிளம்பி, லிஃப்ட் ஏறுகிற மாதிரி, மெல்ல மேலே வந்தது. மாப்ள என்று கூப்பிட வாயைத் திறந்தார்.

வேலை முடிந்திருந்தது.

மூடி சாத்தியிருந்தது. எட்டு போல்ட்டும் எதிரெதிராக முறுக்கி, ஒன்று தளர்வு ஒன்று இறுக்கம் என்றில்லாமல் ஒரே சீராக உட்கார்ந்திருந்தன. ஸ்பேனர் அவர் கையில் இருந்தது; தோள்பட்டையில் இதமான வலி. நல்ல வேலை என்று தோன்றியது. கொக்கியில் பித்தளையில் ஏதோ ஒன்று தொங்கியது. அதை யார் இங்கே மாட்டினார்கள் என்று பார்த்தார்.

டங். டங். டங்.

வெந்நீர்க் குழாய் சூடாகும்போது இப்படித்தான் தட்டும். ஆனால் அது மூன்று தட்டிவிட்டு நிற்காது. நின்று, மறுபடி மூன்று தட்டாது.

டங். டங். டங்.

பிறகு குரல். இரும்புக்கு அந்தப்பக்கம், தலையணைக்குள் பேசுவதுபோல.

"மாமா. விளையாடாதீங்க மாமா."

அவர் மறுபடி கொக்கியைப் பார்த்தார். டோக்கன். ஆள். மூடக் கூடாது. எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது.

"தொறக்கிறேன் மாப்ள. இதோ தொறக்கிறேன்."

"பதறாதீங்க. மெதுவா. பதறினா வந்துடும் உங்களுக்கு. நான் இங்கயேதான் இருக்கேன், எங்க போகப் போறேன்."

முதல் போல்ட். அவர் முறுக்கினது, அவருக்கே அசையவில்லை. உடம்பு எடையைக் கொடுத்துத் தொங்கினார். கிரீச்சென்று விட்டது. இரண்டாவது. காவல்காரரைக் கூப்பிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. கேட் தொலைவில் இருக்கிறது. செல்போன்களையும் அங்கேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கூப்பிட்டால் அவர் வருவார், கேட்பார். நீதானே மூடினாய், எப்படி மூடினாய், நினைவில்லையா, ஏன் நினைவில்லை. அதோடு எல்லாம் முடிந்தது. எட்டு போல்ட்தானே. மூன்றாவது. நான்காவது. வியர்வை கண்ணில் இறங்கியது.

ரப்பர் வாடை.

"இல்ல," என்றார் சத்தமாக. "இப்ப வேணாம்."

எட்டு போல்ட்டும் இறுக்கமாக இருந்தன.

இந்த முறை நல்ல வேலை என்று தோன்றவில்லை. ஏன் என்று தெரியவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. வெயில் தரையில் நகர்ந்து அடுத்த டேங்கின் காலுக்குப் போயிருந்தது. காலையில் வீட்டிலிருந்து எப்படி வந்தோம் என்று யோசித்தார், பஸ்ஸா, நடையா, கூட யாராவது வந்தார்களா. எதுவும் இல்லை. காலை என்று ஒன்று இருந்த இடம் வெறும் சுவராக இருந்தது.

டங். டங். டங்.

"நாலு கழட்டினீங்க மாமா. நாலு. மறுபடி ஏன் முறுக்கினீங்க." குரலில் சிரிப்பு இல்லை. இருமல் இருந்தது. "மாமா, கேக்குதா? உள்ள காத்து ஒரு மாதிரி இருக்கு. வாட்ச்மேனக் கூப்பிடுங்க. தெரிஞ்சா தெரியட்டும். போங்க."

அவனைத் தெரிந்தது. குரலைத் தெரிந்தது. எப்படி உள்ளே போனான் என்பதுதான் தெரியவில்லை.

மறந்துவிடக் கூடாது. டேங்குகளில் அளவு குறிக்கிற சாக்பீஸ் சட்டைப் பையில் இருந்தது. மூடிக்கு மேலே, முகத்துக்கு நேராக, உள்ளே எட்டிப் பார்க்க ஒரு வட்டக் கண்ணாடி பதித்திருந்தார்கள். அதற்குக் கீழே எழுதினார். உள்ளே ஆள். திற. ஒவ்வொரு எழுத்துக்கும் கை நின்று நின்று யோசித்தது. எழுதிவிட்டு ஓடினார்.

வெளியே முற்றத்தில் வெயில் கண்ணைக் குத்தியது. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். உள்ளே ஆள். உள்ளே ஆள். காலி பீப்பாய்களைத் தாண்டினார். உள்ளே ஆள். எடைமேடையைத் தாண்டினார். கேட் தெரிந்தது. காவல்காரரின் நாற்காலி தெரிந்தது. உள்ளே.

வாடை.

"என்னண்ணே, சட்டை பட்டனையெல்லாம் மாத்தி மாத்திப் போட்டிருக்கீங்க?"

அவர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். விரல்கள் சட்டைப் பொத்தானை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தன. நாற்காலியில் சாய்ந்திருந்த காவல்காரர் சாப்பாட்டுத் தூக்கை மூடி வைத்துவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"முடிஞ்சுதா வேலை? ரேடியோ எங்க, சத்தத்தையே காணோம்?"

சாயங்காலம் கேட்டில் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்பது வழக்கம். பதிலும் வழக்கமான பதில்தான். அவர் யோசிக்கும் முன்பே அது வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"அவன் அப்பவே கிளம்பிட்டான்."

"நான் கை கழுவப் போன நேரத்துல நழுவிட்டானா. பாருங்க, போனையே மறந்துட்டுப் போயிருக்கான். ஒரு நாள் வாயையும் மறந்துட்டுப் போனா நல்லா இருக்கும்." காவல்காரர் மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு செல்போனை எடுத்து நீட்டினார். "நீங்களே குடுத்துடுங்க. என்னண்ணே, உடம்பு ஏன் இப்படி நடுங்குது?"

"தெரியல."

உண்மையாகவே தெரியவில்லை. ஏதோ ஒரு பெரிய பயம் உடம்பு முழுக்க நின்றது, ஆனால் அது எதைப் பற்றியது என்று தேடினால் கைக்கு எதுவும் அகப்படவில்லை. எதையோ பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். அது மட்டும் உறுதி. பாதியில் விட்ட வேலை.

"வெந்நீர் விடணும்," என்றார்.

"விட்டுட்டு வாங்க. சேர்ந்தே பூட்டிட்டுப் போகலாம்."

திரும்பி நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் பயம் கூடியது. கால் திரும்பி ஓடப் பார்த்தது. வேலையை முடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டார்.

கூடத்தில் வெளிச்சம் குறைந்திருந்தது. எண்ணெய் வாடை. சொட்டுச் சத்தம். மூன்றாவது டேங்க் மூடித் தயாராக இருந்தது. யார் மூடியது? தான்தான். இவ்வளவு சீராக வேறு யாருக்கு முறுக்க வரும்.

டங்.

குழாய்.

முகப்பில் வெள்ளையாக ஏதோ கிறுக்கியிருந்தது. எழுத்து மாதிரி இருந்தது. முதல் எழுத்தைக் கூட்டினார். இரண்டாவதைக் கூட்டினார். மூன்றாவதுக்கு வரும்போது முதலாவது போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி போனது. கண்ணில் நீர் வந்தது. ஏன் அழுகிறோம் என்று புரியவில்லை. இடுப்பில் செருகியிருந்த துணியைக் கை தானாக எடுத்தது. மூடிய பிறகு முகப்பைத் துடைக்க வேண்டும். துடைத்தார். சுத்தமானது.

டங்.

அதற்கு அப்புறம் வால்வு. சக்கரம் சில்லென்று இருந்தது. ஒன்று. கை நின்றது. அவர் நிறுத்தவில்லை, கைதான் நின்றது. ஏதோ சரியில்லை. என்ன? நான் வெளியே இருக்கிறேன். நான் வெளியே இருந்தால் டேங்க் காலி. இருபத்தாறு வருடமாக அப்படித்தான். இரண்டு. மூன்று. மேலே குழாயில் வெந்நீர் இறங்குகிற இரைச்சல். நான்கு. ஐந்து. உள்ளே ஏதோ விழுந்தது. ஏதோ எழுந்தது. தட்டல் வேகமானது. ஒழுங்கில்லாமல். இரும்பு முழுக்க. ஆறு. ஏழு. குழாய்தான். எட்டு. சூடாகும்போது தட்டும். ஒன்பது.

வட்டக் கண்ணாடி வெளுத்துவிட்டது. எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். அவர் கண்ணாடியருகே முகத்தைக் கொண்டுபோனார். ஆவி. அதற்குப் பின்னால் ஒரு சின்ன வெளிச்சம் ஆடியது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ வந்து கண்ணாடியில் ஒட்டியது. ஐந்து விரல். ஒரு உள்ளங்கை.

யாருடையது?

நான் வெளியே இருக்கிறேன்.

உள்ளங்கை ஆவியைத் துடைத்தது. ஒரு கண் தெரிந்தது. வாய் தெரிந்தது, ஓயாமல் அசைந்துகொண்டு. மறுபடி வெளுத்தது. அவருக்கு நன்றாகப் பார்க்க வேண்டும்போல இருந்தது. யாரென்று தெரிந்துவிடும். இன்னும் கொஞ்சம் துடைத்தால் தெரிந்துவிடும். துணியை எடுத்தார். வெளிப்பக்கம் துடைத்தார். உள்ளே அந்தக் கையும் துடைத்தது. இவர் இடமிருந்து வலம். அதுவும் இடமிருந்து வலம். ஒரே கண்ணாடி, இரண்டு பக்கம், ஒரே வேகம். ஆவி போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தார். கண்ணாடி சுட்டது. துணி சுட்டது. துடைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தது.